ஸ்டொக் புத்தகத்துக்குள் சீனி இல்லை: வீடியோ தொழில் செய்வோருக்கு ஒரு களஞ்சியப் பாடம்

வியாபாரம் என்றதும் புடவைக் கடை, பலசரக்குக் கடை, ஹோட்டல் என்றுதான் எம்மில் பலருக்கு நினைவு வருகிறது. ஆனால் கமராவையும் கணனியையும் மூலதனமாக வைத்துத் தொழில் செய்யும் இளைஞர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். கினிகத்தேனையை எடுத்துக்கொள்ளுங்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கி ஏறும் ஏ-7 வீதியில், நாவலப்பிட்டிப் பாதை வந்து சேரும் சந்தி நகரம் அது. அங்கே ஒரு ஸ்டூடியோவைத் திறந்து வைத்தால் ஒரு வாரம் நிகாஹ், அடுத்த வாரம் தோட்டத்துக் கோயில் திருவிழா, அதற்கடுத்த வாரம் சிங்களச் சகோதரர் வீட்டுப் போருவைச் சடங்கு என்று எல்லாத் தரப்பு வேலையும் வரும். இந்தத் தொழிலில் கமரா வாங்குவதைப் பற்றியும் கட்டணம் நிர்ணயிப்பதைப் பற்றியும் பலர் ஆலோசனை கேட்கிறார்கள். எடுத்த படங்களை எங்கே, எப்படி வைப்பது என்று கேட்பவர் மிகக் குறைவு. இவ்வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். காரணம், எனக்குத் தெரிந்த ஒரு சகோதரருக்கு நேர்ந்த அனுபவம்.

அவர் கினிகத்தேனையில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துகிறார். ஒரு நிகாஹ் வைபவத்துக்கு இரண்டு புகைப்படக் கமராக்களும் ஒரு வீடியோக் கமராவும் கொண்டு சென்று படம் பிடித்தார். வீடியோவைத் தொகுத்து ஒப்படைத்தார், பணமும் கிடைத்தது. எட்டு மாதங்களின் பின்னர் மணமகளின் தகப்பனார் மௌத்தாகிவிட்டார். மூத்த மகன் ஸ்டூடியோவுக்கு வந்து, "வாப்பா வார இடமெல்லாம் வேணும் தம்பி. மாப்பிள்ளைட கையப் புடிச்சிட்டு இருந்த போட்டோவ பெரிசா அடிச்சுத் தாங்க" என்று கேட்டிருக்கிறார். நம்மவரும் சரியென்று கணனியைத் திறந்து பழைய புரொஜெக்டை எடுத்தார். திரை முழுவதும் சிவப்பு. ஒவ்வொரு காட்சிக்கும் 'மீடியா ஒஃப்லைன்' என்று எழுதிக் காட்டியது.

அன்று இரவு எனக்குத் தொலைபேசி எடுத்து, "நானா, சொப்ட்வெயார் படத்தையெல்லாம் அழிச்சிட்டு" என்றார். மென்பொருள் எதையும் அழிக்கவில்லை. அதற்குள் படங்கள் இருந்தால்தானே அழிப்பதற்கு!

பதிவேடு வேறு, சரக்கு வேறு

கடை நடத்துபவருக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. ஸ்டொக் புத்தகத்தில் '12 மூடை சீனி, பின்பக்கக் களஞ்சியம், இடது சுவர்' என்று எழுதியிருக்கும். புத்தகத்துக்குள் சீனி கிடையாது. பையன் ஒருவன் அந்த மூடைகளை மேல்மாடிக்கு மாற்றிவிட்டுப் புத்தகத்தில் எழுதாமல் போனால், புத்தகத்தை நம்பி இடது சுவருக்குப் போகும் முதலாளி வெறும் தரையைத்தான் காண்பார்.

எடிட்டிங் மென்பொருளில் 'இம்போர்ட்' கட்டளை கொடுக்கும்போது நடப்பதும் இதுவே. படங்களும் வீடியோக்களும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மென்பொருள் அவற்றின் முகவரியை மட்டுமே குறித்துக்கொள்கிறது. எந்த டிரைவ், எந்தக் கோப்புறை, என்ன பெயர் என்பதுதான் அந்த முகவரி. 2000 ஆம் ஆண்டில் விண்டோஸ் மில்லேனியத்துடன் வந்து, பின்னர் எக்ஸ்பீ கணனிகளில் எல்லோரும் பழகிய மூவி மேக்கரும் இப்படித்தான் வேலை செய்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசொப்ட் அதைக் கைவிட்டது. இன்று ஸ்டூடியோக்களில் உள்ள அடோபி பிரீமியர் புரோ, இலவசப் பதிப்பும் உள்ள டாவின்சி ரிசோல்வ் ஆகியவையும் அதே வழியில்தான் செல்கின்றன.

இந்த ஒரு விடயம் மனதில் பதிந்துவிட்டால் பல குழப்பங்கள் தீரும். மென்பொருளின் பட்டியலிலிருந்து ஒரு படத்தை நீக்கினால் ஹார்ட் டிஸ்கில் உள்ள படம் அழிவதில்லை. பட்டியலில் பெயரை மாற்றினால் டிஸ்கில் உள்ள கோப்பின் பெயர் மாறுவதில்லை. ஆனால் டிஸ்கில் கோப்பை அழித்தாலோ, பெயர் மாற்றினாலோ, இடம் மாற்றினாலோ மென்பொருள் வழி தவறி நிற்கும். புரொஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு 'பெக்கப் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர், ஸ்டொக் புத்தகத்தைப் பிரதி எடுத்துவிட்டுச் சீனியைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பவரைப் போன்றவர்.

ரிசோல்வ் பாவிப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அதில் புரொஜெக்ட் தனிக் கோப்பாக உங்கள் கோப்புறையில் இருக்காது. மென்பொருளுக்குரிய தரவுத்தளத்தில், பெரும்பாலும் சீ டிரைவுக்குள், சேமிக்கப்படும். கணனி பழுதாகி விண்டோஸைப் புதிதாகப் போடும்போது படங்கள் வேறு டிரைவில் பத்திரமாக இருக்க, பதிவேடு மட்டும் போய்விடும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் 'எக்ஸ்போர்ட் புரொஜெக்ட்' கொடுத்து அந்தக் கோப்பைப் படங்கள் உள்ள கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள்.

கார்டிலிருந்து இறக்குவது

தவறுகளில் பெரும்பாலானவை எடிட்டிங் தொடங்குமுன்னரே நடந்துவிடுகின்றன. வைபவம் முடிந்து இரவு 12 மணிக்குக் களைத்து வந்து, மெமரி கார்டைக் கணனியில் செருகி, கார்டிலிருந்தே நேராக இம்போர்ட் செய்பவர்கள் உண்டு. அப்போது எல்லாம் நன்றாகவே ஓடும். மறுநாள் அந்தக் கார்டை அடுத்த வேலைக்காக ஃபோர்மட் செய்வார்கள். பதிவேட்டில் உள்ள முகவரி கார்டின் முகவரி. பிறகு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே முதலில் ஹார்ட் டிஸ்கில் கோப்புறை அமைத்து, அதற்குள் பிரதி எடுத்து, சில படங்களைத் திறந்து பார்த்து, இரண்டாவது டிஸ்கிலும் ஒரு பிரதி போட்ட பின்னரே கார்டைத் தொட வேண்டும்.

கார்டுக்கு ஒரு கோப்புறை என்பது இங்கே தவிர்க்க முடியாத விதி. கமராக்கள் படங்களுக்குத் தாமே பெயர் வைக்கின்றன. பொதுவாக நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும். ஐஎம்ஜி_0001 இல் தொடங்கி 9999 வரை போய் மீண்டும் 0001 க்கு வரும். ஒரே கம்பனிக் கமராக்கள் இரண்டு இருந்தால், இரண்டிலும் ஐஎம்ஜி_0412 என்ற படம் இருப்பது மிகச் சாதாரணம். ஒன்றில் காவின் எழுதும் காட்சி, மற்றதில் புரியாணிச் சஹன். இரண்டு கார்டுகளையும் ஒரே கோப்புறைக்குள் இறக்கினால், 'இதே பெயரில் கோப்பு உள்ளது, மாற்றட்டுமா' என்று விண்டோஸ் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் 'மாற்று' என்பதை அழுத்தினால் முதல் படத்தின் இடத்தில் இரண்டாவது படம் வந்து உட்காரும். முதல் படம் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போவதில்லை. நமது சகோதரர் செய்தது இதைத்தான்.

வீடியோக் கமராவில் இன்னொரு சிக்கல். சோனியும் பனசோனிக்கும் 2006 இல் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறையில் படம் பிடிக்கும் கமராக்கள், நீண்ட காட்சியை ஏறத்தாழ 2 ஜிகாபைட் அளவுத் துண்டுகளாக வெட்டிச் சேமிக்கின்றன. அத்துண்டுகளைத் தொடராக இணைக்கும் தகவல் கார்டில் வேறு கோப்புகளில் இருக்கும். வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் இணைப்பு இடத்தில் சத்தம் துண்டிக்கப்படலாம். குத்பா ஓதும்போது அரை வார்த்தை விழுங்கப்பட்டால் வாடிக்கையாளர் மன்னிப்பாரா? கார்டில் உள்ள கோப்புறை அமைப்பை முழுமையாக, அப்படியே பிரதி எடுங்கள்.

விருந்தினரின் கைத்தொலைபேசிப் படங்களும் இப்போது நிறைய வருகின்றன. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் தரமும் குறைந்துவிடும், எடுத்த நேரமும் படத்திலிருந்து போய்விடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவரின் பெயரில் தனிக் கோப்புறை வையுங்கள்.

கோப்புறைக்குப் பெயர்

'புதிய கோப்புறை 7', 'கலியாணம் கடைசி', 'கடைசி கடைசி', 'உண்மையான கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்த கணனிகளைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பாக இருந்தாலும் மூன்று வருடங்களின் பின் தேடும்போது அழுகைதான் வரும். வருடம், மாதம், திகதி என்ற ஒழுங்கில் தொடங்குங்கள்: 2024-08-17. பிறகு ஊர், பிறகு வைபவம். இந்த ஒழுங்கில் எழுதினால் கணனி தானாகவே காலவரிசையில் அடுக்கும். திகதியை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 17 ஆம் திகதிகளும் ஒன்றாகக் குவியும்.

அந்தத் தாய்க் கோப்புறைக்குள் கமரா 1, கமரா 2, வீடியோ, தொலைபேசி, குரல், தலைப்பு, புரொஜெக்ட், முடிவு என்று உட்கோப்புறைகள். வெற்றுக் கோப்புறைகளாக இந்த அமைப்பை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய வேலைக்கும் அதைப் பிரதி எடுத்துப் பெயர் மாற்றினால் போதும்.

'தலைப்பு' கோப்புறைக்குள் எழுத்துருவையும் போட வேண்டும் என்பதை எமது தொழிலாளர்கள் மறந்துவிடுகிறார்கள். இங்கே பாமினி எழுத்துருவில் மணமக்கள் பெயரை அடிக்கும் பழக்கம் நீண்ட காலமாக உண்டு. பாமினி இல்லாத வேறொரு கணனியில் அந்தப் புரொஜெக்டைத் திறந்தால் மணமகனின் பெயர் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட் எழுத்துக்குப் பழகிக்கொள்வதே நல்லது. பழைய வேலைகளுக்கு எழுத்துருக் கோப்பைக் கூடவே வையுங்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க் பாவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இன்று ஈ டிரைவ் எனக் காட்டும் டிஸ்க், நாளை வேறு பென் டிரைவ் முன்னதாகச் செருகப்பட்டிருந்தால் எஃப் டிரைவ் ஆகலாம். முகவரியின் முதல் எழுத்தே மாறிவிடுகிறது. விண்டோஸின் 'டிஸ்க் மெனேஜ்மென்ட்' பகுதியில் அந்த டிஸ்குக்கு எம் அல்லது வேறு பின்வரிசை எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம்.

மென்பொருளுக்குள் வேறு ஒழுங்கு

இனித்தான் இம்போர்ட். ஹார்ட் டிஸ்கில் எந்தக் கமராவிலிருந்து வந்தது என்பதை வைத்து அடுக்கினோம். மென்பொருளுக்குள் எந்தச் சம்பவம் என்பதை வைத்து அடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்குபவர்கள்தான் திணறுகிறார்கள். பிரீமியரிலும் ரிசோல்விலும் இத்தகைய பிரிவுக்குப் 'பின்' என்று பெயர். பிலிம் சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில் வெட்டிய துண்டுகளைத் தொங்கவிட்ட, துணி விரித்த தொட்டியின் பெயர் அது.

நிகாஹ் வேலையென்றால் மாப்பிள்ளை வீடு, ஊர்வலம், குத்பா, கைபிடித்தல், காவின், விருந்து, வழியனுப்புதல் என்று பின்கள் அமையும். கோயில் திருவிழாவுக்கும் போருவைச் சடங்குக்கும் ஒழுங்கு வேறு. தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே துணிந்து மாற்றலாம், பெயர் வைக்கலாம், ஒரே காட்சியின் பதிவை இரண்டு பின்களில் வைக்கலாம். பதிவேட்டில் எழுதுவதால் சரக்கு நகராது. 'குடும்பத்துப் பெரியவர்கள்' என்று ஒரு பின் எப்போதும் வையுங்கள். மூத்த மகன் வந்து கேட்டது எதை என்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாக் கமராக்களின் கடிகாரத்தையும் வைபவத்தன்று காலையில் ஒரே நேரத்துக்குத் திருத்திவிட்டால், பின்னுக்குள் நேர ஒழுங்கில் அடுக்கியதும் இரண்டு கமராவின் படங்களும் தாமாகவே கலந்து நிற்கும். பழைய படங்களைக் கையாள்பவர்கள் கவனிக்க: 2006 ஏப்ரலில் எமது நாட்டின் நேரமே அரை மணித்தியாலம் பின்னோக்கி மாற்றப்பட்டது. அதைத் திருத்தாத கமராக்களின் படங்கள் அரை மணி முந்தி ஓடும்.

போட்டோக்களை இம்போர்ட் செய்யும்போது புதியவர்களைத் தடுமாற வைக்கும் சில விடயங்கள் உண்டு. தொடர் இலக்கமுள்ள படங்களை ரிசோல்வ் ஒரே வீடியோவாகக் கருதிவிடும். 80 போட்டோ போட்டால் ஒன்றுதான் தெரியும், அதுவும் மூன்று வினாடியில் ஓடி முடியும். மீடியா பக்கத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஃபிரேம் டிஸ்பிளே மோட்' என்பதை 'இன்டிவிஜுவல்' ஆக்கினால் தனித்தனியாக வரும். பிரீமியரில் 'இமேஜ் சீக்குவென்ஸ்' என்ற பெட்டியில் அடையாளம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு போட்டோ எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். 60 போட்டோ, ஒன்றுக்கு 5 வினாடி என்றால் 5 நிமிடம். 4 நிமிடக் கஸீதாவுக்குள் அடங்க வேண்டுமானால் 4 வினாடி. பிரீமியரில் இந்த அளவை இம்போர்ட் செய்யுமுன் மாற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ளே வந்த படங்களுக்கு அது பொருந்தாது.

24 மெகாபிக்ஸல் கமராவின் படம் 6000க்கு 4000 புள்ளி. எச்டி திரையோ 1920க்கு 1080 மட்டுமே. முந்நூறு பெரிய படங்களை அப்படியே ஏற்றினால் சாதாரணக் கணனி மூச்சு வாங்கும். 3840 புள்ளி அகலத்துக்குச் சிறிதாக்கிய பிரதிகளைத் தனிக் கோப்புறையில் வைத்து அவற்றை இம்போர்ட் செய்யுங்கள். மூலப் படத்தின்மேல் சேமித்துவிடாதீர்கள்.

சிவப்புத் திரை வந்துவிட்டால்

பதற்றப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். பிரீமியரில் 'லிங்க் மீடியா', ரிசோல்வில் 'ரீலிங்க்' என்ற கட்டளை உண்டு. கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினால் அதே அமைப்பில் உள்ள மற்றவற்றையும் மென்பொருள் தேடிப் பிடித்துக்கொள்ளும். இடமாற்ற வேண்டுமானால் தாய்க் கோப்புறையை முழுமையாக மாற்றுங்கள், உள்ளமைப்பைக் கலைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரே பெயரில் இரு படங்கள் இருந்தால் காவின் இடத்தில் சஹனை இணைத்துவிடவும் கூடும், ஆகவே இணைத்த பின் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேலையை முடித்து ஒதுக்கும்போது பிரீமியரின் 'புரொஜெக்ட் மெனேஜர்' பாவித்த கோப்புகளையெல்லாம் ஒரே இடத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும். ரிசோல்வில் 'மீடியா மெனேஜ்மென்ட்' அதைச் செய்கிறது.

செலவுக் கணக்கு

வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதியும் கமரா ஒரு மணித்தியாலத்துக்கு 22.5 ஜிகாபைட் எடுக்கும். இரண்டு கமரா, மூன்று மணித்தியாலம் என்றால் 135 ஜிகாபைட். ஒரு டெராபைட் டிஸ்கில் ஏழு கலியாணத்துக்கு மேல் அடங்காது. பிரதிக்கு இன்னொரு டிஸ்க். இந்தச் செலவைக் கட்டணத்துக்குள் கணக்கிடாமல், டிஸ்க் நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதைப் போடுவதுதான் பலரும் செய்யும் காரியம். மூலப் படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் டிஸ்கை வாடிக்கையாளர் வாங்கித் தரலாம் என்றும் எழுதுங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். எங்கள் பக்கத்துக்கு அந்த மூன்றாவது நிபந்தனை மிக முக்கியம். கினிகத்தேனைக்கு மேலே உள்ள வட்டவளை, ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடம். லென்சில் பூஞ்சணம் பிடிக்கும், பழைய நாடாக்களில் பிடிக்கும், டீவீடீயையும் ஈரம் விட்டுவைப்பதில்லை. மண்சரிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு டிஸ்கை வேறு ஊரில் உள்ள மச்சான் வீட்டில் வையுங்கள். பிரதி எடுக்கும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு பழுதாகும் என்பதை 2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பலர் கற்றுக்கொண்டார்கள். ஒரு யூபீஎஸ் வாங்கிக்கொள்வது நட்டமல்ல.

பெண்கள் பகுதிப் படங்களைத் தனி டிஸ்கில் வைத்து அலுமாரியில் பூட்டுவதும் இந்த ஒழுங்கின் ஒரு பகுதிதான். அது எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். யார் தொகுப்பது, ஒப்படைத்த பின் எப்போது அழிப்பது என்பதை வீட்டாரிடம் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். ஃபோர்மட் செய்த கார்டிலிருந்தும் படங்களை மீட்டெடுக்க மென்பொருள்கள் உண்டு. எனவே பழைய கார்டையும் டிஸ்கையும் விற்காதீர்கள். கணனியைத் திருத்தக் கொடுக்கும்போது அந்த டிஸ்க் அதில் இருக்கக் கூடாது.

நமது சகோதரரின் கதைக்கு வருவோம். அவர் இடம் மாற்றியிருந்த கோப்புகளைத் தேடி ஒவ்வொன்றாக இணைக்க நான்கு இரவுகள் எடுத்தன. வீடியோ முழுவதும் கிடைத்துவிட்டது, தகப்பனார் பேசிய இடங்கள் உட்பட. ஆனால் கைபிடித்த காட்சியின் போட்டோக்கள் முதல் கமராவில் இருந்தவை. அவற்றின் இலக்கங்களில் இப்போது இருப்பது இரண்டாவது கமராவின் விருந்துப் படங்கள். கார்டும் அதன்பின் பல வேலைகளுக்குப் பாவிக்கப்பட்டுவிட்டது. கடைசியில் வீடியோவை நிறுத்தி ஒரு ஃபிரேமை எடுத்து அச்சிட்டார். 1920க்கு 1080 புள்ளிகளை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் வைத்தால் 6.4 அங்குல அகலம்தான் வரும். அந்த வீட்டார் கேட்டது 12க்கு 18 அங்குலப் படம். அவரால் கொடுக்க முடிந்தது உள்ளங்கை அளவுப் படம். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.